பக்கந்தான்

இன்று கல்லறைத் திருநாள். சாயங்காலம் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது வீடு முழுக்கக் கார்பைடு நாற்றம் அடித்தது. பூண்டு அழுகினால் வருமே, அந்த நாற்றம். தெரசா உங்கள் சைக்கிள் விளக்கைப் பரணிலிருந்து இறக்கித் துரு தேய்த்து, எங்கோ சொல்லிவைத்து வாங்கிய கார்பைடைப் போட்டு, மேல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "மெழுகுவத்தி காத்துல நிக்க மாட்டேங்குதும்மா. இதுதான் நிக்கும்," என்றாள். அவள் சொன்னது சரிதான். எனக்கு மட்டும் அதைப் பிடுங்கிக் கிணற்றில் எறிய வேண்டும் போலிருந்தது.

எறியவில்லை. எடுத்துக்கொண்டு போனோம். காற்றில் ஊரிலுள்ள மெழுகுவத்தியெல்லாம் அணைந்து அணைந்து எரிய, உங்கள் கல்லறையில் மட்டும் வெள்ளையாய்ச் சுடர் நின்றது. செத்தும் நீங்கள்தான் எடுப்பாகத் தெரிய வேண்டுமாக்கும்.

வழக்கம்போல ஒவ்வொருவராய் வந்து நின்றார்கள். "தங்கமான மனுஷன் டீச்சர்." "அவரு இருந்தா இந்த எஞ்சின் இப்படிக் கெடக்குமா?" "இந்த ஊருல ஆம்பளன்னா அவருதான்." நான் தலையாட்டினேன். மூன்று வருஷமாய்த் தலையாட்டிக் கழுத்து வலிக்கிறது. வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உங்கள் பெயரை இதில் எழுதப் போவதில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்கிற மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கோபம்.

எனக்கு உங்கள் மேல் தீராத கோபம். ஊரில் ஒருத்தருக்கும் அது இல்லை என்பதால் எல்லார் பங்கையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டிருக்கிறேன்.

வரதராசன்பேட்டையிலிருந்து வாத்திச்சி வேலைக்குப் படித்த பெண்ணாய் இந்தக் கொள்ளிடக்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். ரங்கூனில் அரிசி ஆலையில் எஞ்சின் வேலை கற்றுத் திரும்பியவர், ஆயில் எஞ்சினுக்கு உசிர் கொடுக்கத் தெரிந்தவர் என்று சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். வந்த மூன்றாம் நாள் காலையில் நீங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் இறங்கினீர்கள். புதுப்பெண் ஆசையாய்க் கேட்டேன்: "எங்கே போறீங்க?"

உள்ளேயிருந்து அத்தை ஓடி வந்து என் வாயிலேயே ஒரு அடி போட்டார். பலமான அடி இல்லை, இரண்டு விரலால். ஆனாலும் அடிதான். "கெளம்பற ஆம்பளய எங்கேன்னு கேப்பாங்களாடி? போற காரியம் வெளங்குமா? தூரமான்னு கேக்கணும்!" அப்புறம் உங்களைப் பார்த்து, "நீ திரும்பி வாடா. ஒக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ," என்றார். நீங்களும் நல்ல பிள்ளையாய்த் திரும்பி வந்து, காலைக் கழுவி, உட்கார்ந்து, செம்பைத் தூக்கிக் குடித்தீர்கள். செம்புக்கு மேலே என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுபடி வாசல் இறங்கியபோது, சொல்லிக்கொடுத்தபடியே கேட்டேன்: "தூரமா?"

"பக்கந்தான்," என்றீர்கள்.

திரும்பி வந்தது மறுநாள் மத்தியானம். அரும்பாவூர் வரைக்கும் போய் மலையடிவாரத்தில் யாரோ ஒருவருடைய எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பூட்டிவிட்டு வந்திருந்தீர்கள். அதுதான் உங்கள் பக்கம். ரங்கூனுக்குக் கப்பல் ஏறப் போனபோதும் உங்கள் அம்மாவிடம் பக்கந்தான் என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

கோயிலில் சாமியார் பிரசங்கத்தில் சகுனம் பார்ப்பது பாவம் என்று வருஷத்துக்கு நாலு தரம் சொல்லுவார். அத்தை முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்து, ஆமாம் சாமி ஆமாம் சாமி என்று உருகுவார். வீட்டுக்கு வந்து வாசற்படியில் பூனை குறுக்கே போனால் உங்களை உள்ளே இழுத்துப்போட்டுவிடுவார். அவரையாவது புரிந்துகொள்ளலாம். அவர் பயந்தவர், பெற்றவர். நீங்கள் பயப்படாதவர். உங்களுக்குப் பூனையும் ஒன்றுதான் புலியும் ஒன்றுதான். ஆனாலும் அந்த ஒரு சகுனத்தை மட்டும் விடாமல் காப்பாற்றினீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கே என்று யாரும் கேட்கக்கூடாத வீடு உங்களுக்கு ரொம்ப வசதியாயிருந்தது.

ஒரு தடவை வாய்விட்டே கேட்டேன். நீங்கள் முற்றத்தில் உட்கார்ந்து தெரசாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தீர்கள். காலையில் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும் என்பதால் அவளுக்குத் தலை வாருவது உங்கள் வேலை. வடக்கயிறு திரிக்கிற மாதிரி இறுக்கிப் பின்னுவீர்கள், சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது. "அத்தைக்குத் தெரிய வேணாம். எங்கிட்ட மட்டுமாவது எங்கே போறேன்னு சொல்லிட்டுப் போங்களேன்," என்றேன். நீங்கள் பின்னலைப் பார்த்துக்கொண்டே, "சொல்லிட்டுப் போனா அது வேலை. சொல்லாமப் போனாத்தான்டி பயணம்," என்றீர்கள். தெரசா கைதட்டிச் சிரித்தாள். வீட்டில் நீங்கள் எது சொன்னாலும் கைதட்ட ஆள் இருந்தது.

இருக்கத்தானே செய்யும். ஊரில் மற்ற ஆம்பிளைகள் பிள்ளைகளைத் தூக்கினால் கௌரவம் குறையும் என்று நினைத்த காலத்தில் நீங்கள் மூன்றையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கரையெல்லாம் சுற்றினீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நீங்களே கறிக்குழம்பு வைத்தீர்கள். ரங்கூனில் கற்றதாம், காரம் கண்ணில் நிற்கும். அத்தைக்குக் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டீர்கள். எனக்கு ஜுரம் என்றால் பள்ளிக்கூடத்துக்குப் போய் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தீர்கள். இதையெல்லாம் எழுதும்போது கோபம் குறைந்துவிடும் என்று பார்த்தேன். ஏறுகிறது. இப்படிப்பட்ட ஒருவரைத்தான் நீங்கள் தொலைத்துவிட்டு வந்தீர்கள். பிள்ளைகளுக்கு அப்பா என்று இருந்தது அந்த ஒருவர்தான்.

வெள்ளத்தில் போன கதையை ஊர் இன்னும் சொல்லுகிறது. கொள்ளிடம் இரண்டு கரையும் தொட்டு ஓடிய அன்று, உங்கள் கூட்டாளி இன்னாசியின் சினைப்பசு நடுவில் ஒரு திட்டில் மாட்டிக்கொண்டது. நீங்கள் குதித்தீர்கள். பசு முன்னே நீந்த அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் தள்ளிக் கரையேறினீர்கள். ஊரே கத்திக் கொண்டாடியது. நான் இடுப்பில் கடைக்குட்டியோடு கரையில் நின்றேன். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் கத்தவும் இல்லை. மூச்சு விடுவதற்கே எனக்கு அன்றைக்குச் சரியாயிருந்தது.

அந்த வெள்ளம்தான் பின்னால் எங்களை ஏமாற்றியது.

உங்களிடம் ஒரு முறை இருந்தது. எங்களை எங்கேயாவது கூட்டிப்போவதென்றால் முதலில் நீங்கள் தனியாகப் போய் வழி பார்த்துவிட்டு வருவீர்கள். எங்கே நிழல், எங்கே நல்ல தண்ணீர், எந்தத் தெருவில் நாய் கடிக்கும், பிள்ளைகளைப் படுக்கவைக்க எங்கே இடம், எல்லாம் பார்த்து வந்து அப்புறம் வண்டி கட்டுவீர்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அப்படித்தான் போனோம். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என்னை, பிள்ளைகளுக்கென்று நீங்கள் முன்னமே பேசிவைத்திருந்த மோர்க்காரி வந்து கூப்பிட்டாள்.

யுத்தம் முடிந்த மறு ஐப்பசி. ராத்திரி பெய்து காலையில் வெளுத்திருந்தது. நீங்கள் தெரசாவுக்குத் தலை பின்னினீர்கள். பழையது சாப்பிட்டீர்கள். அப்புறம் விளக்கில் கார்பைடு போட்டீர்கள்.

நான் அதைப் பார்த்தேன். பக்கத்தில் போகிறவருக்குக் காலையில் விளக்கு எதற்கு? நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே அத்தை இருமினார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். "தூரமா?" என்றேன்.

"பக்கந்தான்." மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குற்றவாளி இல்லை. மூன்று வருஷமாய் என்னை நானே கூண்டில் ஏற்றி விசாரித்து விடுதலை செய்துவிட்டேன். கேட்டால் அடி, கேட்காவிட்டால் இது. இப்படி ஒரு வாசற்படியை எனக்குக் கொடுத்தது நீங்களும் அத்தையும்தான்.

மறுநாளும் வரவில்லை. அது புதிதில்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்டது, கொள்ளிடம் ஏறியது. நீங்கள் கரைமேல் சைக்கிளில் போனதை யாரோ பார்த்தார்கள். அவ்வளவு போதும் ஊருக்கு. நீங்கள்தான் வெள்ளத்தைக் கண்டால் விடாதவராயிற்றே. இன்னாசி அண்ணன் நெஞ்சில் அடித்துக்கொண்டு பரிசலை இறக்கினார். தா.பழூர் வரைக்கும் கீழே கீழே தேடிக்கொண்டே போனார்கள். மூங்கிலில் கொக்கி கட்டிக் குழிகுழியாய்த் துழாவினார்கள். உங்கள் பெயரைச் சொன்னால் உசிரைக் கொடுக்க அத்தனை பேர் இருந்தார்கள். அந்தச் சனத்தில் பாதியை வடக்கே அனுப்பியிருந்தால் போதும். எங்கே என்று யாருக்குத் தெரியும்?

நீங்கள் அரியலூரும் தாண்டி, சாத்தனூர் ஓடையில் கிடந்தீர்கள்.

செய்தி வந்தபோது நாள் கடந்துவிட்டது. கடலை ஏற்ற வந்த லாரிக்காரர் ஒருவர் சொல்லி, நானும் இன்னாசி அண்ணனும் அதே லாரியில் போனோம். ஆடு மேய்க்கிற செல்லம்மா என்கிற அம்மாளின் குடிசையில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டீர்களாம். முகம் மட்டும் துடைத்துச் சுத்தமாயிருந்தது. அந்த அம்மாள்தான் சொன்னார். மழையில் ஊறியிருந்த ஓடைக்கரை சைக்கிளோடு சரிந்திருக்கிறது. தொடை எலும்பு முறிந்து ராத்திரி முழுக்க ஓடைக்குள்ளேயே கிடந்திருக்கிறீர்கள். மறுநாள் காலையில் ஆட்டைத் தேடி வந்தவர் கண்டுபிடித்து, ஆள் கூட்டிக் குடிசைக்குத் தூக்கிவந்து கஞ்சி கொடுத்திருக்கிறார். ஜுரம் ஏறிவிட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லி ஆள் அனுப்பச் சொன்னீர்கள். ஓடைகள் பெருகி இரண்டு நாள் யாரும் அந்தண்டை போக முடியவில்லை.

"வெளக்கு ஒண்ணு வச்சிருந்தாரும்மா," என்றார் செல்லம்மா. "அத ஏத்திக் கைக்கெட்டுன எடத்துல வச்சிட்டுக் கெடந்திருக்காரு. யாராச்சும் பாக்க மாட்டாங்களான்னு. எங்க கொட்டாய்லேர்ந்து தெரியலம்மா, நடுவுல மேடு."

நீங்கள் ஓடையில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு கிடந்தீர்கள். மறுநாள் ராத்திரி நாங்கள் கொள்ளிடக்கரையில் பந்தம் பிடித்துக்கொண்டு அலைந்தோம். இதை நினைக்கிறபோது எனக்கு அழுகை வருவதில்லை. பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

"இந்த மழையில எங்கய்யா போனேன்னு கேட்டேன்," என்றார் அந்த அம்மாள். பாருங்கள், எங்கே என்று உங்களைக் கேட்க ஒரு ஆள் இருந்திருக்கிறது. கேட்டதும் நீங்கள் சொல்லியும் இருக்கிறீர்கள். "மரம் ஒண்ணு கல்லாக் கெடக்குல்ல இங்க, அதப் பாக்க வந்தாராம். மொதல்ல வழி பாத்துட்டுப் போயி, அப்பறம் பொண்டாட்டி புள்ளைவளக் கூட்டியாரலாம்னு இருந்தாராம். புள்ளைவளுக்கு நெழல் இல்லியே இங்கன்னு கவலப்பட்டாரும்மா, அந்த ஜொரத்துலயும்."

அப்போதுதான் நினைவு வந்தது. சில மாசங்களுக்கு முன் சாப்பிடும்போது சொன்னீர்கள். பெரம்பலூர்ப் பக்கம் எங்கேயோ ஒரு மரம், வேரோடு விழுந்தபடியே கல்லாய்ப் போயிருக்கிறதாம், கவர்மெண்டு ஆபீசர்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்களாம். "கதை விடாதீங்க," என்று சொல்லிவிட்டு உங்களுக்கு ரசம் ஊற்றினேன். எங்கேயோ என்றால் எங்கே என்று அப்போதும் நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அந்தச் சொல்லே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு கல்லைப் பார்க்கவா! வெள்ளத்தில் போயிருந்தால், ஒரு உயிரைக் காப்பாற்றப் போயிருந்தால், ஊர் சொல்லுகிற மாதிரி வீரன் என்று நானும் சொல்லிக்கொண்டிருப்பேன். நகர முடியாமல் அந்த இடத்திலேயே கிடக்கிற மரம் அது. அடுத்த வருஷம் போனாலும் இருக்கும், பேரன் பேத்தி எடுத்துப் போனாலும் இருக்கும். அதற்கு அந்த மழையில் அவ்வளவு அவசரம். எங்களுக்காகத்தான் போனார் என்று இன்னாசி அண்ணன் லாரியில் சொல்லிச் சொல்லி அழுதார். அதைச் சொல்லி என் கோபத்தைப் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை.

எடுத்துவந்து கூடத்தில் போட்டிருந்தபோது நடந்ததும் உங்களுக்குத் தெரியாது. அழ வந்த பெண்களில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "கெளம்பறப்ப எவளோ எங்கேன்னு கேட்டிருக்கா. இல்லாட்டி இப்படி ஆவுமா?"

நான் எழுந்து நின்றேன். "கேக்கல!" என்று கத்தினேன். "கேக்கலடி! ஒரு நாளும் கேக்கல! கேட்டிருந்தா இந்நேரம் உசிரோட ஒக்காந்து சோறு தின்னுகிட்டிருப்பாரு!" கூடமே என்னைப் பார்த்தது. அத்தை உங்கள் காலடியில் உட்கார்ந்திருந்தார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. தம் வலது கையைத் திருப்பி, அந்த இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் இந்த மூன்று வருஷத்தில் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நான் மாறிவிட்டேன். இந்த வாசலைத் தாண்டுகிற யாரையும் எங்கே என்று கேட்காமல் விடுவதில்லை. சும்மா "வெளியே" என்றால் விடமாட்டேன். ஊர் பெயர், தெரு பெயர், யார் வீடு, எல்லாம் வேண்டும். பிள்ளைகள் பழகிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கப் போகிற பிள்ளையையும் கேட்கிறேன். கல்யாணத்துக்குத் தாம்பூலம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்களைத் தெருவில் நிறுத்திக் கேட்டு ஒரு சண்டையே ஆகிவிட்டது. ஊரில் எனக்கு "எங்கே டீச்சர்" என்று பெயர். என்னைத் தூரத்தில் கண்டால் ஆட்கள் சந்தில் நுழைந்துவிடுகிறார்கள். நுழையட்டும். எந்தச் சந்து என்று பார்த்துவைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொல்லாதது. லாரியில் உங்களை ஏற்றும்போது செல்லம்மாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன், கடைசியாக என்ன சொன்னார் என்று. அந்த அம்மாள் தயங்கினார். "பெருசா ஒண்ணுமில்லம்மா. வூட்டுக்குப் போவணும் போவணும்னுகிட்டே இருந்தாரு. வூடு தூரமாய்யான்னு கேட்டேன்." அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "பக்கந்தான்னாரு."

இதற்கு மேல் உங்களை எப்படித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவரைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இன்று கல்லறையிலிருந்து வந்ததும் ஒரு முடிவு செய்தேன். அந்தக் கல்லை நான் பார்க்க வேண்டும். எதற்காக உங்களைக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். செல்லம்மாவுக்கு ஒரு புடவையும் எடுத்துவைத்திருக்கிறேன். விடியற்காலை முதல் பஸ்ஸில் தெரசாவும் நானும் போகிறோம். சின்னவர்களையும் கூட்டிக்கொண்டு. வழி பார்த்துவிட்டு வந்து அப்புறம் கூட்டிப்போகிற வேலையெல்லாம் என்னிடம் இல்லை. நிழல் இல்லாவிட்டால் குடை இருக்கிறது.

இதை எழுத உட்காருமுன் பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கண் இப்போது அவருக்குச் சரியாய்த் தெரிவதில்லை. கொஞ்ச நேரம் என் கை போவதையே பார்த்தார். தொண்டையைச் செருமினார். அந்தப் பழைய இருமல்தான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"எங்கே போறே?" என்றார்.

இந்த வீட்டில் அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. பையைக் கீழே வைத்துவிட்டேன். "சாத்தனூருக்கு அத்தை. அவரு கெடந்த எடத்துக்கு. கல்மரத்தப் பாத்துட்டு, செல்லம்மா வூட்டுக்குப் போயிட்டு, நாளன்னைக்கி சாயங்காலம் வந்துடுவோம்," என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார், மனப்பாடம் செய்கிற பிள்ளை மாதிரி. திரும்பிப் போகப்போனவர், பழக்கம் விடவில்லை போலிருக்கிறது, நின்று கேட்டார்.

"தூரமா?"

"தூரந்தான், அத்தை," என்றேன்.